முந்தின நாளே வந்துவிடும் பாடம்

இசக்கிசெல்விக்குக் கோபம் வந்தால் முதலில் கேமராவை அணைத்துவிடுவாள். வாயைத் திறப்பது அதற்கப்புறம்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த வித்தை தெரியாமல், பெற்ற பிள்ளையை 'மக்கு' என்று திட்டிய ஒரு தகப்பனிடம் 'ஒமக்கு வெக்கமா இல்லையா' என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, அந்த வாரம் முழுக்கக் கம்பெனிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கம்பெனி சென்னையில் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பேச்சுப் பயிற்சி. திக்குகிற பிள்ளை, எழுத்தை விழுங்குகிற பிள்ளை, எட்டு வயதாகியும் இரண்டு வார்த்தைக்கு மேல் கோக்கத் தெரியாத பிள்ளை என்று எல்லாரும் லேப்டாப் திரைக்குள் வந்து உட்காருவார்கள். பயிற்சி கொடுப்பவர்கள் மொத்தப் பேரும் சென்னை சென்டரில் இருப்பதாகத்தான் பெற்றோர்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள். இசக்கிசெல்வி இருந்தது மேலகரத்தில், அப்பா கட்டிய வீட்டு மாடியில். முதுகுக்குப் பின்னால் கம்பெனி அனுப்பிய நீலத் துணி. ரோட்டில் குற்றாலம் பஸ் ஹாரன் அடித்தால் மைக்கை அமுக்க வேண்டும். பேச்சில் ஊர் வாடை வரக்கூடாது. 'வருதா', 'சொல்லுதா' எல்லாம் தொண்டைக்குள்ளேயே நின்றுகொள்ள வேண்டும். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பேச்சையும் காதையும் பற்றி நாலு வருஷம் படித்துவிட்டு வந்தவளுக்கு, சொந்தப் பேச்சை ஒளித்து வைப்பதுதான் வேலையின் முதல் நிபந்தனையாக வாய்த்தது.

செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஸ்ரீமதி வருவாள். மூன்றாம் வகுப்பு. ஐந்தருவி ரோட்டில் லாட்ஜ் நடத்தும் விஜயசங்கரின் ஒரே மகள். இசக்கிசெல்வி மாடியில் நின்று எட்டிப் பார்த்தால் அந்த லாட்ஜுக்கு மேலே நிற்கிற மலை தெரியும். பிள்ளையின் அம்மா வித்யாலட்சுமிக்கு இது தெரியாது. "இங்க சாரல் ஜோராப் பெய்யுது மேடம். சென்னையில எப்படி?" என்று ஆசையாகக் கேட்பாள். முழங்கையில் தெறித்த சாரலைத் துடைத்துக்கொண்டே "இங்கே நல்ல வெயில்மா" என்பாள் இசக்கிசெல்வி.

ஸ்ரீமதிக்குச் சன்னமான ஒலிகள் வாயில் வராது. 'சாவி' என்று சொல்லச் சொன்னால் 'ஆவி' என்பாள். வாக்கியம் என்று ஒன்று சேராது. அவள் படிக்கிற பள்ளிக்கூடத்தில், இந்த வருஷத்துக்குள் பேச்சு தேறாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இந்தப் பயிற்சியே. சேர்க்கும்போது 'காது கேட்கிறதா' என்று கம்பெனி கேட்டதற்கு 'நன்றாகக் கேட்கிறது' என்று அம்மா பதில் போட்டிருந்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இசக்கிசெல்விக்கு உறுத்தியது வேறொன்று. படம் காட்டிக் கேள்வி கேட்டால் தடுமாறுகிற பிள்ளை, காதால் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பயிற்சியில் மட்டும் ஒரு தடவைகூடத் தப்பு விடவில்லை. ஒலி மழுங்கலாக வந்தாலும் சொல் மாறாது. பாடத்தை முந்தின நாளே பெற்றோர் போனுக்கு அனுப்புவது கம்பெனியின் வழக்கம். 'வீட்டிலும் தயாராக இருக்கட்டும்' என்பார்கள். பெரிய வசதி என்று விளம்பரத்தில் வேறு போட்டுக்கொள்வார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வரிசையை மாற்றினாள். கையில் ஒரு அட்டையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டாள்.

"ஸ்ரீமதி, அக்கா சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லணும். குடை."

"அருவி" என்றாள் ஸ்ரீமதி. குரலில் சந்தேகமே இல்லை.

"படகு."

"குரங்கு."

"தேங்காய்."

"குடை."

பிள்ளை சொன்னது, முந்தின நாள் அம்மாவின் போனுக்குப் போன பாடத்தில் இருந்த வரிசை. பிள்ளை ஒரு சொல்லையும் கேட்கவில்லை. அட்டைக்கு மேலே தெரிந்த கண்ணையும் புருவத்தையும் பார்த்து, இப்போது நம் முறை என்று கணித்து, அம்மா உருப்போட வைத்ததை ஒப்பித்துக்கொண்டிருந்தது. முடித்ததும் திரையில் வழக்கமாக வந்து விழும் நட்சத்திரத்துக்காகச் சிரித்தபடி காத்திருந்தது.

இசக்கிசெல்வி கேமராவை அணைத்தாள்.

யார் மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. முதல் வருஷம் காலேஜில் இங்கிலீஷ் ஒரு மண்ணும் புரியாமல், பக்கம் பக்கமாக உருப்போட்டு எழுதிப் பாஸ் பண்ணியவள் அவள். மனப்பாடம் பண்ணினால் தப்பித்துவிடலாம் என்று நம்புகிற வீடுகளை அவளுக்குத் தெரியும். பரீட்சை என்று ஒன்று வந்தால் பிள்ளையை உட்கார வைத்து ஒப்பிக்க வைப்பதைத் தவிர இங்கே எந்தத் தாய்க்கும் வேறு வழி யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் இது பரீட்சை இல்லையே. இதில் ஏமாந்து போவது பிள்ளைதானே.

கேமராவைப் போட்டாள். நட்சத்திரத்தைக் கொடுத்தாள். பிறகு அம்மாவைத் தனியாக அழைத்தாள்.

"காதுப் பரிசோதனை எப்பவாவது பண்ணியிருக்கீங்களாம்மா?"

"காது நல்லாத்தான் இருக்கு மேடம். டிவி சத்தம் கேட்டா எங்க இருந்தாலும் ஓடி வந்துருவா."

"சத்தம் கேட்கலாம். பேச்சு கேட்கணும். நீங்க பின்னால நின்னு மெதுவாக் கூப்பிட்டா திரும்புறாளா?"

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அடுத்தாற்போல் அவளிடமிருந்தே வந்தது வேறு குரல். இத்தனை நாள் மேடத்துக்காக நாக்கை மடக்கிப் பேசிய வித்யாலட்சுமி அந்தக் குரலில் இல்லை.

"ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன் மேடம். இத யார்ட்டயும் சொல்லிராதிய. என் தம்பிக்கும் இப்படித்தான். சிவகிரில எங்கம்மா கூடக் கெடக்கான். கல்யாணம் பேசும்போது இவிய வீட்ல நாங்க அதச் சொல்லல. கூச்ச சுபாவம், பேச மாட்டான்னு சொல்லி ஒப்பேத்திட்டோம். இப்பப் பிள்ளைக்கும் காது மந்தம்னு தெரிஞ்சா, ஒங்க வீட்டு வழி, மறைச்சுக் கெட்டிக் குடுத்துட்டியன்னுல்லா சொல்லுவாவ. பெறவு என்னைய இந்த வீட்ல இருக்க விடுவாவளா?"

"அவ அப்பாவுக்குத் தெரியாதா?"

"அவியளுக்கு லாட்ஜே கதி. பிள்ளை பேசுதத உக்காந்து கேக்க நேரம் ஏது. நாந்தான் எப்பவும் அவ முன்னால நின்னுக்கிடுவேன். என் வாயப் பாத்தே அம்புட்டும் புரிஞ்சுக்கிடுவா. கெட்டிக்காரி மேடம்."

அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வேறு.

இசக்கிசெல்வி பொறுமையாகத்தான் சொன்னாள். காதுக்கு மிஷின் வைத்தால் பேச்சு காதில் விழும். விழுந்தால் பாதி தானாக வாயில் வந்துவிடும். ஏற்கெனவே பிந்திவிட்டது, இன்னும் பிந்தினால் பேச்சு மட்டுமில்லை, படிப்பும் போய்விடும். வித்யாலட்சுமி எல்லாவற்றுக்கும் ம் கொட்டினாள். கடைசியில் சொன்னாள்.

"காதுல மிஷின் மாட்டுன பொம்பளப் பிள்ளைய நாளைக்கு எவன் மேடம்... வேண்டாம். நீங்க பேச்ச மட்டும் சரி பண்ணிக் குடுத்துருங்க. காத அப்புறம் பாத்துக்கிடலாம்."

"காதுல விழாத ஒலி வாயில வராதும்மா."

"வரும் மேடம். நீங்க சென்னையில எம்புட்டுப் பெரிய சென்டர்ல இருக்கீய."

நீலத் துணி ஒரு பக்கம் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை எழுந்து மாட்டக்கூட இசக்கிசெல்விக்குக் கை வரவில்லை.

கம்பெனியில் அவளுக்கு மேலே இருந்தவள் ஜோதிலட்சுமி. அவளிடம் சொன்னாள். தம்பி சமாச்சாரத்தை விட்டுவிட்டுப் பிள்ளையின் காதை மட்டும் சொன்னாள்.

"நாம பேச்சுக்குத்தான் இருக்கோம், செல்வி. காது நம்ம வேலையில வராது" என்றாள் ஜோதிலட்சுமி. "ரிப்போர்ட்ல 'பரிந்துரைக்கப்படுகிறது'ன்னு ஒரு வரி போட்டுரு. படிக்கிறது படிக்காதது அவங்க இஷ்டம்."

"ஒரு வரி போட்டா பிள்ளைக்குக் காது கேட்டுருமா மேடம்?"

"இந்தப் பேச்சுத்தான் வேண்டாங்கிறேன். போன தடவையே உனக்காக நான்தான் மேலே பேசினேன்."

ஒரு வரி போட்டாள். அனுப்பிய மறு நொடியே 'படித்தேன்' என்று வித்யாலட்சுமியிடமிருந்து பதில் வந்தது. அடுத்த வகுப்பில் ஸ்ரீமதி திரையைப் பார்க்காமல் திரைக்கு மேலே பார்த்துப் பதில் சொன்னாள். லேப்டாப்புக்குப் பின்னால் அம்மா நிற்கிறாள் என்று புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இசக்கிசெல்வி ஐந்தருவி பஸ் ஏறினாள். பெற்றோரை நேரில் போய்ப் பார்க்கக் கூடாது என்பது கம்பெனி விதி. விதி கிடக்கட்டும். தாய் பயப்படுகிறாள், தகப்பனுக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்? மேடம் மேடம் என்று மரியாதையாக மெசேஜ் போடுகிற மனுஷர்தானே. தம்பி பேச்சை மட்டும் எடுப்பதில்லை என்று பஸ்ஸிலேயே தீர்மானித்துக்கொண்டாள்.

சீசன் உச்சத்தில் இருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் கேரளா வண்டிகள். ஈரத் துண்டோடு போகிறவர்கள், எண்ணெய் வழிய உட்கார்ந்திருக்கிறவர்கள், நேந்திரங்காய் சிப்ஸ் பொரிகிற புகை. லாட்ஜ் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் விஜயசங்கர் போனில் யாருக்கோ ரூம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தான் யாரென்று சொன்னதும் போனைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"அடடே, மேடமா. வாங்க, வாங்க. குளிக்க வந்தீயளா? முன்னாலயே சொல்லியிருந்தா ரூம் எடுத்து வச்சிருப்பேன்லா. ஏ உச்சிமாகாளி, மேடத்துக்கு ஒரு காபி சொல்லும்."

சாவிக் கொத்தோடு படியிறங்கி வந்த உச்சிமாகாளி அந்த லாட்ஜின் பழைய ஆள். அவளைப் பார்த்ததும் நின்றார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"மொதலாளி, இது நம்ம மேலகரத்து நயினார் மகள்லா. நம்ம எலஞ்சி வயலுக்குத் தண்ணி பாச்சுவாம்லா நயினாரு, அவன் மக. பிள்ளைய மெட்ராஸ்ல படிக்க வச்சிட்டாம்னு ஒங்ககிட்டகூடச் சொன்னேனே. ஏளா, எப்படி இருக்க? அப்பன் புளியறைக்குத்தான் வேலைக்குப் போறானா?"

பெருமை தாங்காமல்தான் சொன்னார். தன் சொந்த மகள் படித்தது மாதிரி சொன்னார். அப்பா யார் யார் வயலுக்கோ தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார். பெயர் சொல்ல மாட்டார், மொதலாளி என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்த மொதலாளி இவர்தான் என்று இசக்கிசெல்விக்கு அப்போதுதான் தெரிந்தது. விஜயசங்கருக்கும் அப்போதுதான் தெரிந்தது. எழுந்து நின்றவர் உட்கார்ந்தார்.

"நயினார் மகளா நீ" என்றார். "அப்பச் சென்னைன்னு சொன்னதெல்லாம்?"

"கம்பெனி சென்னையில. நான் இருக்கது மேலகரம்."

"மேலகரத்துல இருந்துக்கிட்டா எம்பிள்ளைக்கு மெட்ராஸ் பாஷை சொல்லிக் குடுக்க?" சிரித்தார். அதில் கெடுதல்கூட இல்லை. "அப்பன் நல்லா இருக்கானா?"

'நீங்க', 'நீ' ஆவதற்கு அவ்வளவு நேரம்தான் பிடித்தது. காபி வரவில்லை.

வந்த விஷயத்தைச் சொல்லாமல் போகக் கூடாது என்று அவள் பேச்சை எடுத்தாள்.

"சார், ஸ்ரீமதிக்குக் காது சரியாக் கேக்கல. தென்காசியிலயே பரிசோதனை பண்ணிரலாம். ஒரு காலப்பொழுது போதும்."

"யாரு சொன்னா?"

"நான் சொல்லுதேன். அதுக்குத்தான் படிச்சிருக்கேன்."

"டாக்டருக்கா?"

"இல்ல."

"பெறவென்ன."

"பிள்ளையக் கூப்பிடுங்க சார். நீங்களே பாருங்க. நான் பின்னால நின்னு கூப்பிடுதேன். திரும்புதாளான்னு பாருங்க."

அவர் வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். வித்யாலட்சுமி பிள்ளையோடு வந்தாள். நீலத் துணி இல்லாமல், ஊர்க் காற்றில் கலைந்த தலையோடு நிற்கிறவளை அடையாளம் கண்டுகொள்ள அவளுக்குச் சற்று நேரமாயிற்று. கண்டதும் முகம் செத்துவிட்டது. ஸ்ரீமதி அம்மாவின் முந்தானையைப் பிடித்து, அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தபடி, வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். வாசல் பக்கம் நின்ற இசக்கிசெல்வியை அவள் பார்க்கவில்லை.

வெளியே ஒரு வேன் பின்வாங்க இடமில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. சிப்ஸ் கடையில் பாட்டு அலறியது. "இந்த எரச்சல்ல எனக்கே ஒண்ணும் கேக்க மாட்டுக்கு" என்றார் விஜயசங்கர். "சரி, ஆசைக்குக் கூப்பிட்டுப் பாரு."

"ஸ்ரீமதி."

பிள்ளை அசையவில்லை. உச்சிமாகாளி திரும்பிப் பார்த்தார், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த யாரோ ஒரு பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை அசையவில்லை. அந்த ஒரு நிமிஷம் இசக்கிசெல்விக்கு எல்லாம் நடந்துவிடும் போலிருந்தது. அப்போது வித்யாலட்சுமியின் முகவாய் கொஞ்சம் உயர்ந்தது. கண் பிள்ளையின் தோளைத் தாண்டி வாசல் பக்கம் போய்த் திரும்பியது. அவ்வளவுதான். ஸ்ரீமதி திரும்பினாள்.

திரும்பியவள், திரையில் மட்டுமே பார்த்த அக்கா முழு ஆளாக நிற்பதைக் கண்டு, ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். 'அக்கா' என்பது மட்டும் தெளிவாக வந்தது. பிறகு வந்ததில் பாதி ஒலி இல்லை.

"பாத்தியா" என்றார் விஜயசங்கர்.

"அவங்க கண்ணக் காட்டுனாங்க சார்."

"யாரு?"

"நான் சும்மாதான நின்னேன்" என்றாள் வித்யாலட்சுமி. "அவளுக்கு நல்லாக் கேக்கும். நெட்டு சரியில்லாம ரெண்டு நாள் தப்பாச் சொல்லிட்டா. அதப் போய் இந்தப் பிள்ளை பெரிசா..."

மேடம் என்ற சொல் அவள் வாயிலிருந்தும் போய்விட்டது.

இசக்கிசெல்வியிடம் ஒரு வாக்கியம் இருந்தது. உங்க மச்சினனுக்குக் காது கேக்குமா சார் என்று கேட்டால் போதும். இந்த மனுஷர் சிரிப்பது நின்றுவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொன்னால் இந்த வீட்டில் முதலில் விசாரணை நடப்பது யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். பிள்ளை காதைப் பார்க்க ஒருத்தரும் தென்காசிக்குக் கிளம்ப மாட்டார்கள். தாயைச் சிவகிரிக்கு அனுப்பத்தான் கிளம்புவார்கள். பிள்ளை முன்னால் நின்று வாயசைத்துச் சொல்லக்கூட ஆள் இருக்காது. எங்கே திரும்பினாலும் சுவராக இருந்தது. வாக்கியத்தை விழுங்கினாள். விழுங்கினதற்காகத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலவும் இருந்தது.

"இந்தா பாரும்மா" என்றார் விஜயசங்கர். "ஒன் படிப்ப நான் கொற சொல்லல. படிச்சிருக்க, சந்தோசம். அதுக்காக எங்க வீட்டுப் பிள்ளையச் செவிடுன்னு இங்கன வந்து நின்னு சொல்லுவியா? நாலு பேரு வந்து போற எடம். ஒங்கப்பன வந்து என்னப் பாக்கச் சொல்லு."

ஸ்ரீமதியின் விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

போக வேண்டாம் என்று கத்தியும் அப்பா மறுநாள் போனார். போய் எப்படி நின்றிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். திரும்பி வந்தவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, "அவிய ஒண்ணும் சொல்லல, நல்ல மனுசரு" என்றார். "நீ ஏம்ட்டி அங்கன போன?"

கம்பெனியிலும் அதையேதான் கேட்டார்கள், இன்னும் திருத்தமான தமிழில். சென்னை சென்டர் என்று சொல்லி வைத்ததை உடைத்தது முதல் குற்றம். சொல்லாமல் வீட்டுக்குப் போனது அடுத்தது. வேலை போகவில்லை. ஸ்ரீமதி மட்டும் அவள் கையிலிருந்து போனாள்.

"நல்ல கிளையன்ட், நம்மளை விட்டுப் போகல" என்றாள் ஜோதிலட்சுமி. "ஆளை மட்டும் மாத்தித் தரச் சொன்னாங்க. அப்புறம் ஒரு கண்டிஷன். பிள்ளையோட காதைப் பத்தி இனிமே யாரும் பேசக் கூடாதாம். அதையும் பதிஞ்சாச்சு."

ஸ்ரீமதி பெயரைத் திறந்தால் முதலில் கண்ணில் படும்படி அது சிவப்பில் பதிந்திருந்தது. இசக்கிசெல்வி லாட்ஜுக்குப் போவதற்கு முன்னால் அது ஒரு தாயின் பயமாக மட்டும் இருந்தது. மெல்ல மெல்லப் பேசியிருந்தால் ஒரு நாள் கரைந்தும் இருக்கலாம். இப்போது அது கம்பெனியின் விதி. அதை விதியாக்கிக் கொடுத்தது யார் என்று இசக்கிசெல்வி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

புதிதாக வந்தவள் பெயர் ஆனந்தவள்ளி. ஒப்படைப்பு பேச வேண்டும் என்று போன் செய்தாள். சொந்த ஊர் திருவேங்கடம் என்றாள். அவளும் நாக்கை மடக்கித்தான் பேசினாள், பாவம், இரண்டாவது வாக்கியத்திலேயே கரிசல் பேச்சு எட்டிப் பார்த்துவிட்டது. இசக்கிசெல்வி ஒன்று விடாமல் சொன்னாள். அட்டையை, அருவி குரங்கு குடையை, திரும்பாத பிள்ளையை.

"மொத வகுப்புலயே சொல்லிரு" என்றாள் இசக்கிசெல்வி. "ரெண்டாவது ஆளும் சொன்னா கேப்பாவ."

"அக்கா, எனக்கு இதான் மொத வேல. பேரத் தொறந்தாலே அந்தக் கண்டிஷன்தான் நிக்கி. நான் காதப் பத்தி வாயத் தொறந்தா அன்னைக்கே அனுப்பிருவாங்க. எங்க வீட்ல படிச்சது நான் ஒருத்திதான் அக்கா."

இசக்கிசெல்வி அந்தப் பேச்சை அதோடு விட்டாள்.

"பாடமாவது முந்தின நாளே போகாம நிறுத்த முடியுமா?"

"அது தானாப் போயிருதுக்கா. நான் அனுப்புறது இல்ல." கொஞ்சம் தயங்கிவிட்டு ஆனந்தவள்ளி கேட்டாள். "நான் என்னதான் செய்யட்டும்?"

செய்ய வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அதை இரண்டு பேராலும் செய்ய முடியாது.

"வெளிச்சம் ஒன் மூஞ்சில விழுத மாதிரி உக்காரு" என்றாள் இசக்கிசெல்வி. "ஜன்னலுக்கு முதுகக் காட்டிராத. பேசும்போது தலைய ஆட்டாத, கையக் கொண்டு வாய்க்குப் போகாத. ஒவ்வொண்ணா, மெதுவாச் சொல்லு. உதட்டுச் சாயம் வச்சிருக்கியா?"

"இல்லக்கா. வீட்ல வைவாங்க."

"வாங்கிக்கோ. நல்ல செவப்பா, கொஞ்சம் அழுத்தமாப் போடு. வாய் அசையிறது அவளுக்குத் தெரியணும்."

ஆனந்தவள்ளி எழுதிக்கொள்வது கேட்டது. அழுத்தமா, அழுத்தமா என்று தனக்குள் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"சரிக்கா" என்றாள். "அப்புறம்?"